செய்யுள் தனிமொழிக்கு நடிகர் தயாராவது எப்படி: கண்ணகியின் 14 அடிகளைக் கொண்டு ஒரு தொடக்க விளக்கம்

நாடகப் பயிற்சி நிலையங்களின் சேர்க்கைத் தேர்விலும் நாடகக் குழுக்கள் நடத்தும் நடிகர் தேர்விலும் ஒரு தனிமொழியைப் பேசிக் காட்டச் சொல்வது வழக்கம். பிறர் குறுக்கிடாமல் ஒரு பாத்திரம் தொடர்ந்து பேசும் பகுதியே தனிமொழி. அரங்கத்துக்காரர்கள் அதை மோனோலாக் என்றே சொல்வார்கள். அந்தப் பகுதி செய்யுளாக அமைந்துவிட்டால், பாத்திரத்தின் மனநிலையோடு யாப்பையும் பழஞ்சொற்களையும் சேர்த்துக் கையாள வேண்டிய பொறுப்பு நடிகருக்கு வந்துவிடுகிறது. பெங்களூரில் வளர்ந்த தமிழ் இளைஞர்கள் இப்படிப்பட்ட தேர்வுகளுக்குப் பெரும்பாலும் ஷேக்ஸ்பியரின் ஒரு பகுதியையோ கன்னட நாடகம் ஒன்றையோ தயார் செய்துகொண்டு போகிறார்கள். பழந்தமிழ்ச் செய்யுள் என்றதும் அவர்களுக்குப் பேச்சுப்போட்டி மேடை நினைவுக்கு வருகிறதே தவிர, நடிப்பு நினைவுக்கு வருவதில்லை. அவர்களுக்காகவே இந்த விளக்கம். இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: செய்யுள் தனிமொழியை உணர்ச்சியிலிருந்து தொடங்கக்கூடாது, வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பாத்திரம் தனக்குத்தானே பேசிக்கொள்வதும் உண்டு, எதிரில் நிற்கும் ஒருவரிடம் பேசுவதும் உண்டு. தொடக்க நிலையில் இருப்பவர்கள் இரண்டாவது வகையை எடுத்துக்கொள்வது நல்லது. எதிரில் ஒருவர் இருந்தால் அவரிடம் எதையோ பெற வேண்டியிருக்கும். அந்தத் தேவையே நடிப்புக்கு ஒரு திசையைத் தந்துவிடும். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், 20ஆவது காதையான வழக்குரை காதையில், கண்ணகி பாண்டிய மன்னனிடம் பேசும் பகுதி இதற்குப் பொருத்தமானது. நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிட அளவுக்கு வரும். அழுத கண்ணோடு அவைக்குள் வந்து நிற்கும் அவளை நோக்கி, ‘நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய், யாரையோ நீ மடக்கொடியோய்’ என்று மன்னன் கேட்கிறான். அதற்கு அவள் சொல்லும் மறுமொழி, சொற்களை ஓரளவு பிரித்து எழுதினால், இப்படி இருக்கும்:

தேரா மன்னா செப்புவது உடையேன்
எள்ளறு சிறப்பின் இமையவர் வியப்பப்
புள்ளுறு புன்கண் தீர்த்தோன் அன்றியும்
வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுடத் தான்தன்
அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்
பெரும்பெயர்ப் புகார்என் பதியே அவ்வூர்
ஏசாச் சிறப்பின் இசைவிளங்கு பெருங்குடி
மாசாத்து வாணிகன் மகனை ஆகி
வாழ்தல் வேண்டி ஊழ்வினை துரப்பச்
சூழ்கழல் மன்னா நின்னகர்ப் புகுந்துஈங்கு
என்காற் சிலம்பு பகர்தல் வேண்டி நின்பால்
கொலைக்களப் பட்ட கோவலன் மனைவி
கண்ணகி என்பதுஎன் பெயரே

இதைப் படித்தவுடன் குரலை உயர்த்திச் சீறத் தோன்றும். அந்த ஆசையைச் சில நாள்களுக்காவது ஒத்திவைத்துவிட்டு, உரையோடு கூடிய ஒரு பதிப்பைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. உ.வே. சாமிநாதையர் 1892இல் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். ஆனால் அந்த உரை, இதற்கு முந்தைய பகுதியான ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுகிறது. வழக்குரை காதைக்கு அது கிடைப்பதில்லை. எனவே அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய அரும்பதவுரையையும், ந.மு. வேங்கடசாமி நாட்டாரின் விரிவான உரையையும் நாடுவதே வழி. பெங்களூரில் இருப்பவர்கள் அல்சூர் ஏரியை ஒட்டியுள்ள தமிழ்ச் சங்கத்தில் விசாரிக்கலாம். இந்த 14 அடிகளை உட்கார்ந்து விளக்கிச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரை அங்கே சந்திக்க நேர்ந்தால், அது எந்தப் பதிப்பையும்விடப் பயனுள்ளது.

பொருள் தெரிந்த பிறகு வாக்கியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அச்சில் 14 அடிகளாகத் தெரியும் இந்தப் பகுதியில் உண்மையில் மூன்று வாக்கியங்களே உள்ளன. ‘செப்புவது உடையேன்’ என்பதில் முதலாவது முடிகிறது. ‘புகார் என் பதியே’ என்பதில் இரண்டாவது முடிகிறது. ‘கண்ணகி என்பது என் பெயரே’ என்பதில் மூன்றாவது முடிகிறது. ‘நீ யார்’ என்பது மன்னன் கேட்ட கேள்வி. ஊர் இது, பெயர் இது என்று கண்ணகி சொல்வது அதற்கு நேரான பதில். எஞ்சியவை எல்லாம் அந்த இரண்டு பதில்களுக்கு முன்னால் அவள் அடுக்கி வைக்கும் அடைகள். இதைக் காணாமல் பேசும் நடிகர் ஒவ்வோர் அடியையும் தனித்தனி முழக்கமாக்கிவிடுவார். கேட்பவருக்கு 14 முழக்கங்கள் கேட்கும், ஒரு பதிலும் கேட்காது.

இரண்டாவது வாக்கியத்தில் புறாவின் துயரைத் தீர்த்த சிபியும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனும் வருகிறார்கள். ‘தீர்த்தோன்’, ‘மடித்தோன்’ என்ற சொற்களில் குரல் இறங்கினால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டதுபோல் ஒலிக்கும். அவை முடிவல்ல, இப்படிச் செய்தோர் ஆண்ட பெரும்பெயர்ப் புகார் என்று அவை ஊரைத் தேடிச் செல்கின்றன. எனவே ‘பதியே’ வரும்வரை குரலைத் தாழவிடக்கூடாது. ‘அன்றியும்’ என்பதற்கு ‘அதுமட்டுமல்லாமல்’ என்று பொருள்; இரண்டாவது சான்று வருகிறது என்பதை மன்னனுக்கு அறிவிக்கும் சொல் அது. அவள் வரலாறு சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒரு பறவைக்கும் ஒரு பசுவுக்கும் நீதி கிடைத்த ஊரிலிருந்து வருகிறேன் என்று, விசாரிக்காமல் ஒரு மனிதனைக் கொன்றவனிடம் சொல்கிறாள். ‘தேரா மன்னா’ என்ற விளி, அதாவது ஆராயாத மன்னனே என்ற விளி, முதலிலேயே வந்துவிட்டதால், இந்தச் சான்றுகளைக் குத்திக்காட்டும் தொனியில் சொல்லத் தேவையே இல்லை. எவ்வளவு அமைதியாகச் சொல்கிறோமோ அவ்வளவு ஆழமாக இறங்கும்.

மூன்றாவது வாக்கியம்தான் நடிகருக்கான உண்மையான தேர்வு. ஆகி, வேண்டி, துரப்ப, புகுந்து, மறுபடியும் வேண்டி என்று எச்சங்கள், அதாவது பொருள் முடியாமல் நிற்கும் வினைச்சொற்கள், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தமிழில் எச்சம் நின்றால் கேட்பவரின் காது முடிக்கும் சொல்லை எதிர்பார்த்துக் காத்திருக்கும். வணிகன் மகனாகப் பிறந்து, வாழ விரும்பி, ஊழ் துரத்த, உன் நகரில் புகுந்து, என் சிலம்பை விற்க விரும்பி என்று காத்திருப்பு கூடிக்கொண்டே போக, அது ‘கொலைக்களப் பட்ட’ என்பதில் வந்து மோதுகிறது. அங்கும் வாக்கியம் முடியவில்லை. பட்டவன் கோவலன், அவன் மனைவி, அவள் பெயர் கண்ணகி. யார் நீ என்று கேட்டவனுக்குப் பெயரைக் கடைசி அடியில்தான் தருகிறாள். ஐந்து எச்சங்களுக்கும் ஒரே வாக்கியம் சொந்தம் என்ற உணர்வு நடிகரின் மனத்தில் இருந்தால் நடுவில் மூச்சு வாங்கினாலும் தொடர்ச்சி அறுவதில்லை. அந்த உணர்வு இல்லாவிட்டால் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாலும் துண்டு துண்டாகவே கேட்கும்.

அடி முடியும் இடமும் கருத்து முடியும் இடமும் ஒன்றல்ல என்பதற்கு இந்தப் பகுதியிலேயே நல்ல சான்று உண்டு. ‘பதியே’ என்று ஒரு வாக்கியம் முடிந்த பிறகு, அதே அடியின் கடைசிச் சீராக ‘அவ்வூர்’ என்ற சொல் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறது. ‘நின்பால்’ என்ற சொல்லும் அப்படித்தான்: அடியின் இறுதியில் இருந்தாலும் பொருளால் அது அடுத்த அடியிலுள்ள ‘கொலைக்களப் பட்ட’ என்பதைச் சேர்ந்தது. உன்னிடத்தில், உன் ஆட்சியில் கொலையுண்டவன் என்ற குற்றச்சாட்டு அந்த இணைப்பில்தான் இருக்கிறது. பள்ளியில் செய்யுளை ஒப்பித்துப் பழகியவர்களுக்கு, அடிக்கு அடி ஒரே இடத்தில் குரலை இழுத்து நிறுத்தும் ராகம் நாவில் ஊறியிருக்கும். அந்த ராகத்தைக் கழற்றுவதற்கு நான் கண்ட எளிய வழி, செய்யுளை அடி பிரிக்காமல் உரைநடைபோல் ஒரு தாளில் தொடர்ந்து எழுதி, அந்தத் தாளை வைத்தே மனப்பாடம் செய்வதுதான். அடி நமக்கு வேண்டும்தான், ஆனால் பிறகு.

அந்தப் ‘பிறகு’ இப்போது வருகிறது. வாக்கியம் வசப்பட்ட பின்னர், புலவர் இதை ஏன் உரைநடையில் எழுதவில்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இது ஆசிரியப்பா, பொதுவாக அடிக்கு நான்கு சீர். ஷேக்ஸ்பியரைப் பயின்றவர்கள் ஆங்கிலச் செய்யுளில் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்று தேடிப் பழகியிருப்பார்கள். தமிழ் யாப்பில் அப்படித் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே கணக்கு அழுத்தத்தில் இல்லை, குறில் நெடில் என்ற கால அளவில் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. குறிலோ நெடிலோ தனித்தோ ஒற்றோடு சேர்ந்தோ நின்றால் நேரசை. ஒரு குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்து வந்தால் நிரையசை. ‘தேரா மன்னா’ என்பதில் நான்கும் நேரசை, அவற்றில் மூன்று நெடில். அவசரமாகச் சொல்ல முயன்றாலும் அந்தச் சொற்கள் அவசரப்படுவதில்லை. அடுத்த அடியில் ‘இமையவர் வியப்பப்’ என்று குறில்கள் திரண்டு வரும்போது நடை தானாகவே விரைகிறது. எந்த இடத்தில் நிதானம், எந்த இடத்தில் வேகம் என்பதைப் பெருமளவு செய்யுளே தீர்மானித்து வைத்திருக்கிறது.

எதுகையையும் இப்படியே நடிகரின் கண்ணால் பார்க்க வேண்டும். எள்ளறு, புள்ளுறு, அரும்பெறல், பெரும்பெயர், ஏசா, மாசாத்து, வாழ்தல், சூழ்கழல் என்று அடிகள் இரண்டிரண்டாகக் கைகோத்து வருகின்றன. இடையில் வரும் வாயில், ஆவின் என்ற இரண்டு அடிகளில் எதுகை இல்லை என்றாலும் ‘கடைமணி’ என்ற சொல் இரண்டிலும் இரண்டாம் சீராக நிற்கிறது: முதலாவது அரண்மனை வாயிலின் மணி, இரண்டாவது பசுவின் கண்மணியின் கடை. ‘என்காற் சிலம்பு’, ‘கொலைக்களப் பட்ட’ என்னும் அடிகளுக்கு வரும்போது அந்தக் கைகோப்பு நின்றுபோகிறது. எதுகையும் இல்லை, திரும்ப வரும் சொல்லும் இல்லை. கொலைக்களம், கோவலன், கண்ணகி என்று ககர மோனை மட்டும் அடுத்தடுத்து விழுகிறது. இளங்கோவடிகள் இதைத் திட்டமிட்டே செய்தாரா என்று வாதாடுவது நடிகரின் வேலையன்று. ஓசை மாறும் இடத்தில் ஏதோ மாறுகிறது என்று எடுத்துக்கொண்டால் போதும். பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுடும் அடி அச்சில் ஐந்து சீராக நீண்டு கிடப்பதையும் கவனிக்கலாம்.

இனி நாக்கின் பிரச்சினைக்கு வருகிறேன். பெங்களூர்த் தமிழர்களுக்கு இது கூடுதல் கவனம் கேட்கும் இடம். இந்த 14 அடிகளில் ஆழி, வாழ்தல், ஊழ்வினை, சூழ்கழல் என்று ஐந்து முறை ழகரம் வருகிறது. இன்றைய கன்னடத்தில் அந்த ஒலி இல்லை. ளகரமே அதன் இடத்தையும் நிரப்புகிறது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் பலர் செய்யுளைக் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் தேர்ச் சக்கரமாகிய ஆழி, விலங்காகிய ஆளி ஆகிவிடுகிறது. ரகர றகர வேறுபாடும் காணாமல் போகிறது. இவ்வளவு சிறிய பகுதிக்காகவாவது தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்வது நலம். அது இயலாதபோது, நன்றாக உச்சரிக்கும் ஒருவரிடம் பகுதியைப் பேசச் சொல்லி கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு காதாலேயே கற்கலாம். மாற்று எழுத்தில் எழுதிப் படிப்பதைவிட அது மேல். பழைய கன்னடத்தில் ழகரமும் றகரமும் இருந்தன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கன்னடக் கவிஞர் ரன்னனின் ஹளகன்னட, அதாவது பழங்கன்னட, செய்யுளைத் தயார் செய்யும் கன்னட நண்பருக்கும் இதே பாடுதான். இருவரும் சேர்ந்து பயிற்சி செய்தால் இருவருக்கும் லாபம்.

தமிழை நன்றாகப் பேசுபவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. பேச்சு வழக்கில் சொல்லின் இறுதி னகரத்தை மூக்கொலியாகக் கரைத்துவிடுவது நமக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் ‘தீர்த்தோன்’, ‘மடித்தோன்’ இரண்டும் இறுதி எழுத்து கேட்காமல் மங்கிவிடும். ‘கொலைக்களப் பட்ட’ என்பதில் க், ப், ட் என்ற ஒற்றுகளில் அரைமாத்திரை நின்று தாண்ட வேண்டும். அந்த மூன்று தடைகள்தான் அந்தச் சொற்களின் வன்மை. ‘நடுநா நடுங்க’ என்பதில் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுத் தொட்டு விலகுவதை உணர்ந்து சொன்னாலே மணியின் நாக்கு அசைவது கேட்கும். விடுதி அறையில் உரக்கப் பேச முடியாதவர்கள் வருந்த வேண்டாம்: முணுமுணுப்பாகச் சொல்லும்போது உயிரொலி அடங்கி மெய்யொலிகள் துலங்குவதால், இந்தப் பயிற்சிக்கு அதுவே மேலானது. பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டு போகும் நேரம் இதற்குத் தாராளமாகப் போதும். உரத்த குரலில் பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கப்பன் பூங்கா இருக்கிறது. அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் உணர்ச்சி. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்பதையும் நந்நான்காகப் பிரித்துக் காட்டுகிறது. நடிகருக்குப் பயன்படுவது அந்தக் காரணப் பட்டியல்தான். அழுகைக்கு இழவு ஒரு காரணம். வெகுளிக்குக் கொலை ஒரு காரணம். பெருமிதத்துக்குப் புகழ் ஒரு காரணம். கண்ணகியின் பேச்சைப் பார்த்தால் அதன் பாதிக்கு மேற்பட்ட பகுதி, ஊரின் புகழிலும் குடியின் புகழிலும் ஊன்றிய பெருமிதம். கொலை கடைசிக்கு முந்தைய அடியில்தான் வருகிறது. தொடக்கத்திலேயே வெகுளியைச் செலவழித்துவிட்டவருக்கு, அது உண்மையில் தேவைப்படும் அடியில் கையில் ஒன்றும் இருக்காது. வெகுளியை நடிக்க முயலாமல் அதன் காரணத்தை மன்னனுக்குத் தெரிவிக்க முயன்றால், வெகுளி தானாக வந்து சேரும். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு வழியில் பயின்றவர்கள் பாத்திரத்தின் நோக்கம் என்ன என்று கேட்பார்கள். இங்கே அதற்கான விடை தெளிவு. அவளுக்கு வேண்டியது இரக்கம் அன்று, விசாரணை.

அழ வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் காதையின் இறுதியில் உள்ள வெண்பா இதற்கு விடை தருகிறது. உடம்பில் புழுதி, விரிந்த கூந்தல், கையில் தனிச்சிலம்பு, கண்ணீர் ஆகியவற்றைக் கண்ட அளவிலேயே மன்னன் தோற்றான் என்றும், அவள் சொல் செவியில் புகுந்த அளவில் உயிரைத் தோற்றான் என்றும் அது கூறுகிறது. காட்சி ஒரு வேலையைச் செய்கிறது, சொல் வேறு வேலையைச் செய்கிறது. கண்ணில் நீர் இருக்கலாம். அது குரலுக்குள் இறங்கி ஒற்றுகளைக் கரைத்துவிட்டால் வழக்கு நடக்காது. கையும் அப்படியே. சென்னை மெரினா சிலையும் திரைப்படங்களும் சிலம்பேந்திக் கையை நீட்டிய கண்ணகியையே நம் மனத்தில் பதித்திருக்கின்றன. செய்யுளிலோ சிலம்பு என்ற சொல் 12ஆம் அடியில்தான் வருகிறது. அதுவரை அந்தக் கை அசையாமல் இருந்தால், அசையும்போது மன்னன் அதைக் கவனிப்பான். ‘சூழ்கழல் மன்னா’ என்று அதற்கு முந்தைய அடியில் அவள் பார்வை மன்னனின் காலுக்குப் போவதாக வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும்: அவன் காலில் வீரக்கழல், அவள் கையில் ஒற்றைச் சிலம்பு. உரைகாரர் யாரும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை; ஒரு நடிகர் அப்படி எடுத்துக்கொள்ளச் செய்யுள் இடம் தருகிறது.

‘பெயரே’ என்று முடித்தவுடன் தலையைத் தாழ்த்தி வணங்கிவிடுவது தேர்வுகளில் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று மன்னன் அடுத்து பதில் சொல்லப் போகிறான். அதைக் கேட்கும் வரையாவது கண்ணகி அங்கே நிற்க வேண்டும். இரண்டு மூச்சு நேரம் போதும். பெங்களூரில் தேர்வு நடத்துவோருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரிந்திருக்காது. எனவே பேசத் தொடங்கும் முன் சூழலைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பொருளை முழுவதும் விளக்க வேண்டாம். மொழி புரியாதவர்கள் வாக்கியத்தின் போக்கையும் எதிரில் இருப்பவரிடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும்தான் கவனிப்பார்கள். முடித்த பிறகு, ‘இதையே சிறிதும் கோபமில்லாமல் ஒருமுறை சொல்லுங்கள்’ என்றோ, ‘மன்னன் உங்கள் தந்தை என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்’ என்றோ அவர்கள் கேட்பது உண்டு. சீற்றத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அந்த இடத்தில் திகைத்து நிற்பார். மூன்று வாக்கியங்களையும் ஐந்து எச்சங்களையும் பிடித்து வைத்திருப்பவர் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு தொனியை மட்டும் மாற்றிச் சொல்லிவிட முடியும்.